மலைச்சரிவில் உடல் தேறுவது: பிசியோதெரபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கோத்தகிரி, கேத்தி, மஞ்சூர் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அவர்களில் பலர் கோயம்புத்தூரில் ஆபரேஷனோ சிகிச்சையோ முடித்துவிட்டு, கையில் ஒரு பயிற்சித் தாளோடு மலையேறி வந்தவர்கள். "தினமும் அரை மணி நேரம் நடக்கவும்" என்று அதில் அச்சடித்திருக்கும். வாசலைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், ரோட்டுக்கு வருவதற்கே முப்பது நாற்பது படி என்றிருக்கும் வீட்டில் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அப்படியே இருந்து, ஆபரேஷனால் கிடைத்த பலனையும் இழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. சமவெளிக்கு எழுதிய பயிற்சியை மலைக்கு மாற்றிக்கொள்ள முடியும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை அந்த நோக்கத்தோடுதான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், உங்களுக்கு அவர் சொன்னதே சரி.

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து கோவையிலிருந்து ஊருக்கு வரப்போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ஆபரேஷன் செய்த காலில் எவ்வளவு எடை போடலாம்: முழு எடையா, பாதியா, சும்மா தரையைத் தொடலாமா? மூட்டு மாற்றியவர்கள் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுவார்கள். எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்களுக்கு அப்படி இல்லை. இரண்டாவது, படி ஏறி இறங்குவது. "எங்கள் வீட்டுக்கு இத்தனை படி, கைப்பிடி கிடையாது" என்று அங்கிருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் லிஃப்ட் இருக்கும் கட்டிடத்தில் வார்டு வராந்தாவில் நடக்கவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

பயணத்துக்கு முதல் சில வாரம் பஸ் வேண்டாம். பஸ்ஸின் முதல் படி உயரம், வளைவுகளில் பிடிமானம் இருக்காது. காரில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி உட்காருங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் சீட்டில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ள வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்கக் கூடாது. மேட்டுப்பாளையம் தாண்டியதும் பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வாருங்கள். பர்லியாரில் வண்டியை நிறுத்தி, வாக்கரைப் பிடித்து நின்று, பத்து எட்டு வைத்துவிட்டு ஏறுங்கள். வெகுநேரம் அசையாமல் இருந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அன்றே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

முழங்கால் மாற்றியவர்களுக்கு இன்னொன்று. சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள். கால் மடங்குவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள். முழுசாக நீளாத காலும் அதே அளவு தொந்தரவுதான். சரிவில் நடக்கும்போது அது நன்றாகத் தெரியும்.

படிகளில் எப்படி ஏறுவது, இறங்குவது?

நல்ல கால் முதலில் ஏறும். வலிக்கிற கால் முதலில் இறங்கும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏறும்போது நல்ல காலை மேல் படியில் வைத்து உடம்பைத் தூக்கி, பிறகு வலிக்கிற காலையும் கைத்தடியையும் அதே படிக்குக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது முதலில் தடி, அடுத்து வலிக்கிற கால், கடைசியாக நல்ல கால். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. கூட வருகிறவர் ஏறும்போது பின்னாலும், இறங்கும்போது முன்னால் ஒரு படி கீழேயும் நிற்க வேண்டும். பாசத்தில் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அதுதான் தடுமாற வைக்கும். இடுப்பில் கை கொடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். நிறைய பேர் இதை நம்ப மாட்டார்கள், ஏறும்போதுதானே மூச்சு வாங்குகிறது என்பார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. முழங்கால் சில்லின் மேல் விழும் பாரமும் அப்போதுதான் அதிகம். தசை வலுவில்லாதவர்களுக்குக் கால் திடுக்கென்று மடங்குவதும் இறக்கத்தில்தான்.

எடப்பள்ளிப் பக்கம் ஒரு வீடு. ரோட்டுக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் இருக்கிறது, மண்ணை வெட்டிக் கல் பதித்த படி. ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது நாலு விரல் உயரம். இடுப்பு மூட்டு மாற்றிய அந்த அம்மா மாதக்கணக்கில் மேலே வரவே இல்லை. மகன் இரண்டு காரியம் செய்தார். ஒரு பக்கம் முழுக்க ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி, உயரமான படிகளுக்கு முன்னால் சிமெண்டில் ஒரு அரைப் படி. நான் அதுவரை சொல்லிக்கொடுத்த எல்லாப் பயிற்சியையும்விட அந்தப் பைப் செய்த நன்மை பெரிது. பைப்பை இறங்கும்போது நல்ல கைப் பக்கம் வருகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பக்கமும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கப் படிகளில் பாசி பிடித்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து விடுங்கள். அடி தேய்ந்த ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

நடக்கச் சொல்கிறார்கள். இங்கே சமதளமே இல்லையே?

தேடினால் கிடைக்கும். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வரிசை வீடுகளுக்கு முன்னால் நீளமான வாசல் இருக்கும், அது போதும். பள்ளிக்கூட மைதானம், கோயில் முன்னால் இருக்கும் இடம், பஸ் திரும்பும் இடம் எல்லாம் நடக்கத் தோதானவை. எதுவும் இல்லை என்றால் வீட்டுக்குள்ளேயே ஹாலிலிருந்து சமையலறை வரை நடங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்றில்லை, மூன்று தடவை பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சமதளத்தில் வலியில்லாமல் பத்து நிமிஷம் நடக்க வந்த பிறகு சரிவுக்குப் போகலாம். தேயிலைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து போகும் தார் ரோட்டைப் பிடியுங்கள். தூரம் கூடும், ஆனால் செங்குத்து குறையும். முதல் வாரம் ஒரு கரண்ட் கம்பம் வரை ஏறித் திரும்புங்கள். அடுத்த வாரம் இரண்டு. திரும்பி இறங்குவதற்குக் காலில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். சமவெளி ஆட்களுக்கு வராத கணக்கு இது.

வேகம் சரியா என்று தெரிந்துகொள்ள மெஷின் எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷம் சொல்வது இந்த வேகத்தில்தான். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். பிள்ளைகள் வீட்டில் இரண்டு மாதம் சென்னையில் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு முதல் சில நாள் கூடுதலாக மூச்சு வாங்கும். அந்த நாட்களில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நடையை நிறுத்த வேண்டாம்.

முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. நடந்தால் இன்னும் தேயாதா?

தேயாது. நடக்காமல் இருந்தால்தான் மூட்டைச் சுற்றியுள்ள தசை கரைந்து, எல்லாப் பாரமும் மூட்டின் மேலேயே விழும். மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதல் வைத்தியம். மாத்திரை அதற்குத் துணை.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வையுங்கள். துண்டைக் கீழே அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். பயிற்சி முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். அடுத்தது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. தாழ்வான நாற்காலியில் முடியவில்லையா? இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு, பழகப் பழக ஒவ்வொன்றாக எடுங்கள். இரண்டு மாதம் விடாமல் செய்தால் இறக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

வலியை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று கேட்பார்கள். பயிற்சியின்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் நேற்றுச் செய்த அளவு சரி. வரவில்லை, அல்லது மூட்டு வீங்கிவிட்டது என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் கிட்டத்தட்ட எல்லாருமே தவறுகிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். உடம்பு எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பெரிதாக எடை குறைக்க வேண்டும் என்று பயந்து எதுவுமே செய்யாமல் இருப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன். இரண்டு கிலோ குறைத்தாலே மூட்டுக்குத் தெரியும்.

தேயிலை பறிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் நேராக இறங்காதீர்கள். பக்கவாட்டில் கோணலாக இறங்குங்கள். முடிந்தால் மூட்டையை இரண்டாகப் பிரித்து இரண்டு நடையாக எடுத்து வாருங்கள்.

இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் படுக்கலாம், அதற்கு மேல் படுத்தால் குணமாவது தள்ளித்தான் போகும். வலியே இல்லாத ஆட்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் நிறைய பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு வாழ்க்கையே முடிந்துவிட்டதாக உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலான டிஸ்க் வலி ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் அடங்கும்.

கேரட் தோட்டத்திலும் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறவர்கள், அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் ஐந்து தடவை வளையுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் இடம் மாறும்போது காலையும் சேர்த்துத் திருப்புங்கள். காலை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் முறுக்குவது வேண்டாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தொங்குவது: இதில் எது வந்தாலும் பிசியோதெரபிக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எப்போது பயிற்சி தொடங்க வேண்டும்? மூன்று மாதம் தாண்டிவிட்டால் பலன் இருக்காதா?

முதலில் இதுவரை பக்கவாதம் வராத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை ஒன்று தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், அந்த நிமிஷமே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மலையிலிருந்து இறங்கவே நேரம் போய்விடும் என்பதால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார நமக்கு நேரமே இல்லை.

பயிற்சியை டாக்டர் சம்மதித்ததும், பொதுவாக ஒரு நாள் கழிந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம். முதல் நாளே நீண்ட நேரம் நிறுத்தி நடக்க வைப்பது நல்லதல்ல. முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக அதன் பிறகு கதவு சாத்திவிட்டது என்று அர்த்தம் இல்லை. மூளை புதிய வழிகளைப் பழகிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு வருஷம் கழிந்து வந்தவர்களும் முன்னேறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். எது பழக வேண்டுமோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கட்டிலில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் கால் ஆட்டத்தான் வரும். எழுந்து நிற்க வேண்டுமானால் எழுந்து நிற்பதைத்தான் பழக வேண்டும்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசை செயலிழந்திருக்கும். ஒரு தடவை இழுத்ததில் மூட்டு இறங்கி, பிறகு மாதக்கணக்கில் தோள்வலியால் பயிற்சியே செய்ய முடியாமல் போனவர்கள் உண்டு. உட்காரும்போது அந்தக் கை தொங்காமல் மடியில் தலையணை மேல் இருக்கட்டும். படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் கழிப்பறை வெளியில் கீழே இருக்கும். நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை வாங்கி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், கொஞ்ச நாளைக்கு.

ஸ்பாஞ்ச் பந்தை வாங்கிக் கொடுத்து நாள் முழுக்கப் பிசையச் சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. விரல் இறுக்கமாக இருப்பவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை. மடக்குவது பெரும்பாலும் தானாக வந்துவிடும். விரிப்பதுதான் வராது. கவ்வாத்து வேலை பார்த்த ஒரு பெரியவர், நாற்பது வருஷம் கத்தி பிடித்த கை. எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் பிடித்துக்கொள்வார், விட வராது. விட வேண்டும் என்று முயன்றால் இன்னும் இறுகி, நகமெல்லாம் வெளுத்துவிடும். மகள் டம்ளரைப் பிடித்து இழுக்கப் போனார், இழுக்கக் கூடாது என்று நிறுத்தினேன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, அந்த உள்ளங்கையைப் பக்கத்தில் ஊன்றி, உடம்பு எடையை மெதுவாக அதன் மேல் சாய்க்கச் சொன்னேன். மூச்சை விட்டபடி சில நிமிஷம் அப்படியே இருந்தார். கட்டை விரல் முதலில் தளர்ந்தது, பிறகு மற்றவை. அந்தத் தளர்ச்சி இருக்கும்போதே டம்ளரை எடுத்து ஒரு விரல் தூரம் நகர்த்தி வைத்து விட வேண்டும். தினமும் இதே வேலை. பிறகு டம்ளருக்குப் பதில் பீன்ஸ், ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது. வீட்டில் சமையலுக்கு எடுத்த பீன்ஸ்தான், தனியாக எதுவும் வாங்கவில்லை.

மணிக்கட்டிலும் விரலிலும் கொஞ்சமாவது அசைவு திரும்பியவர்களுக்கு, நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டுப் பலவீனமான கையாலேயே வேலை செய்ய வைக்கும் முறையும் உண்டு, பலன் நிரூபிக்கப்பட்ட முறை. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்று. டம்ளரை அவர் எடுக்க முயலும்போது பொறுமையாகக் காத்திருங்கள். நீங்கள் ஓடிப்போய் எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பயிற்சி போகிறது.

குளிர் காற்று பட்டு வாய் கோணிவிட்டது. கரண்ட் வைத்தால் சரியாகுமா?

வந்தது எது என்று முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். நெற்றியைச் சுருக்கும்போது ஒரு பக்கம் சுருங்கவே இல்லை, கண்ணும் மூட வரவில்லை என்றால் அது பெரும்பாலும் முக நரம்பு வாதம். நெற்றி சுருங்கி, வாய் மட்டும் இழுத்திருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். இதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். முக நரம்பு வாதமானாலும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், அதனால் எப்படியும் அன்றே போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரம் முதல் சில மாதத்துக்குள் முகம் திரும்பிவிடும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெதுவாகப் புருவம் தூக்குவது, கண் மூடுவது, உதடு குவிப்பது போதும். மூடாத கண்ணைக் காற்றிலிருந்து காப்பாற்றுவதே அவசரம்: பகலில் மூக்குக்கண்ணாடியும் சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடி டேப். கரண்ட் வைப்பதால் கிடைக்கும் பலன் உறுதியானதல்ல.

மாவுக்கட்டு பிரித்தும் கை மடங்கவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

முழங்கை அடிபட்டிருந்தால் கண்டிப்பாகக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். மரத்திலிருந்தோ மேட்டிலிருந்தோ விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்ட பிள்ளைகளை உருவிவிடக் கூட்டிப்போகிறார்கள். அழுத்தி உருவி, வலுக்கட்டாயமாக மடக்கும்போது காயப்பட்ட தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். பிறகு மூட்டு பூட்டிக்கொள்ளும். பிள்ளை தானாக, தன் சொந்த பலத்தில் எவ்வளவு மடக்குகிறதோ அவ்வளவே அந்த நாளுக்குச் சரி. முழங்கை மெதுவாகத்தான் வரும். பொறுத்திருங்கள்.

மணிக்கட்டு முறிவு, வழுக்கி விழுந்து கையை ஊன்றுவதால் வருவது. கட்டு போட்டிருக்கும்போதே விரல்களை முழுசாக மடக்கி நீட்டுங்கள், தோளிலிருந்து கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். கட்டு பிரிக்கும்போது விரலும் தோளும் இறுகிப்போயிருந்தால் அது உடைந்ததால் வந்ததல்ல, அசைக்காததால் வந்தது. கட்டு போட்ட பிறகு விரல் நீலம் பாரித்தால், மரத்துப்போனால், தாங்க முடியாத வலி இருந்தால் உடனே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. அடிபடாமலே தோள் இறுகிவிட்டது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். குணமாக ஒரு வருஷம், சமயத்தில் இரண்டு மூன்று வருஷமும் ஆகலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது இழுக்காமல், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது போதும். வலி குறைந்து இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது சுவரில் விரலால் ஏறுவது, துண்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுப்பது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஏற்றம் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் படிப்படியாக. டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து சமதளத்தில் தொடங்கி, பேச்சு தடைபடாமல் இருபது நிமிஷம் நடக்க வந்த பிறகு லேசான ஏற்றம். சிலர் நாடியை எண்ணுகிறார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. பேச முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

மார்கழி, தை மாதத்தில் ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தா, காந்தள் பக்கமெல்லாம் புல்லில் உறைபனி கிடக்கும் நேரத்தில் நடை வேண்டாம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வேலை கூடுகிறது. வெயில் நன்றாக வந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு, காதையும் மார்பையும் மூடிக்கொண்டு போங்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு, தாடை, இடது கை எங்கே இறுக்கினாலும் அங்கேயே உட்காருங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. அதனால் தனியாக, செல்போன் சிக்னல் கிடைக்காத தேயிலைப் பாதையில் நடக்காதீர்கள்.

பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கேஸ் சிலிண்டர் எதையும் தொட வேண்டாம். கட்டிலிலிருந்து எழும்போதும் கையை ஊன்றித் தள்ளாதீர்கள். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

டி.பி. குணமாகி மருந்தும் முடிந்துவிட்டது. ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நோய் போனாலும் நுரையீரலில் தழும்பு இருக்கும். பீடி, விறகுப் புகையால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இதேதான். நுரையீரலை மாற்ற முடியாது. கால் தசையைப் பழக்கினால் அதே மூச்சை வைத்துக்கொண்டு அதிக தூரம் போகலாம், அதனால்தான் மூச்சு நோய்க்கும் நடைப் பயிற்சி தருகிறோம்.

மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விடுங்கள். படியில் காலைத் தூக்கி வைக்கும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. மூச்சு முட்டினால் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியிலோ முழங்காலிலோ ஊன்றி நில்லுங்கள், சீக்கிரம் அடங்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஊட்டியில் சமவெளியைவிடச் சில புள்ளி குறைவாகக் காட்டலாம். உங்கள் சாதாரண அளவு என்ன என்று நன்றாக இருக்கும் நாளில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

கரண்ட், மெழுகு, அல்ட்ராசவுண்ட் எல்லாம் எத்தனை நாள் வைக்க வேண்டும்?

அவை வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். தணிந்த நேரத்தில் நீங்கள் பயிற்சி செய்தால் பலன். மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்துபோனால் அடுத்த வாரமும் அதே வலியோடு வருவீர்கள். அதற்காகப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போவதைப் பார்க்க எனக்குத் தாங்குவதில்லை. தினமும் வர முடியாதவர்கள் வாரம் ஒரு தடவை வந்து பயிற்சியைச் சரிபார்த்துக்கொண்டு போனாலே போதும். மற்ற நாட்களில் வீட்டில் செய்ய வேண்டும்.

சூடு ஒத்தடமா, ஐஸா?

புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் ஐஸ், துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம். பழைய வலி, காலை நேர இறுக்கம் என்றால் சூடு. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெந்நீர்ப் பையையோ கணப்பையோ காலுக்கு அருகில் வைக்கக் கூடாது. வெந்தது தெரியாமலே கொப்புளம் போட்டு, அது ஆறாத புண்ணாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரி நெருப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அந்தப் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத நச்சுவாயு உண்டு, உயிரே போய்விடும். எழுந்து நடக்க முடியாத நோயாளி இருக்கும் அறையில் நெருப்புச் சட்டி வேண்டவே வேண்டாம்.

படுக்கையில் இருக்கிறார், கூட்டிக்கொண்டு வர வழியில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. கட்டணம் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிந்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துவையுங்கள்.

அவர்கள் தினமும் வர முடியாது. வரும் நாளில் வீட்டில் யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாரோ அவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். எப்படிப் புரட்டுவது, எங்கே பிடிப்பது, எத்தனை தடவை என்று அவரையே செய்யச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். சம்மதம் கேட்டுவிட்டு, செய்து காட்டுவதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வீடு ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பாதை என்பதையும் பதியும்போதே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் பாதை மாறினால் மறுபடி சொல்லுங்கள்.